முள்ளாய்க் குத்தும் நாயகியை வாசகருக்கு அறிமுகப்படுத்துவது எப்படி? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

நாவலை எழுதி முடித்த பிறகு வருகிற கேள்வி இது: புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்னர், அதன் மையப் பாத்திரத்தை எந்த வடிவில் வாசகர் முன் நிறுத்துவது? நாயகன் வீரன், நல்லவன் என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஓர் அட்டைப்படமும் நான்கு வரியும் போதும். நாயகி வாயைத் திறந்தாலே குத்துகிறாள், கூலிக்குச் செய்யும் வேலை வயிற்றைக் கலக்குகிறது, யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டாள் என்றால் அந்த நான்கு வரி உதவாது. திருகோணமலையில் புதிதாக எழுத வந்திருக்கும் தம்பி தங்கைமாரில் சிலர் இருள்சார் மிகுபுனைவை, அதாவது இருண்ட மாயக் கற்பனைக் கதைகளை, நாடுகிறார்கள். அவர்கள் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். முதல் அத்தியாயத்தை வெளியிடலாமா, பாத்திரக் குறிப்பு போதுமா, நாயகியையே பேச வைக்கலாமா, முன்கதை ஒன்று எழுதலாமா என்று கேட்கிறார்கள். வெளிவரவிருக்கும் என் நாவலுக்காக நானும் இதே முடிவை எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு வழியையும் அந்த நாவலின் நாயகியை வைத்தே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

பேச்சி

பேச்சி ஐம்பது வயதைத் தாண்டிய சுழியோடி. கடலில் மூழ்கி இறந்தவர் கடைசியாகச் சொன்ன சொல், அவர் அமிழ்ந்த இடத்தின் அடியிலேயே கிடக்கும் என்பது அந்த உலகத்தின் விதி. மூச்சடக்கி இறங்கி அதை எடுத்து வந்து, உரியவரிடம் கூலிக்குச் சொல்வது அவள் தொழில். கூலியை முதலிலேயே வாங்கிவிடுவாள். இறந்தவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்வாள். கடன் கணக்கானாலும், வேறொரு பெண்ணின் பெயரானாலும், பெற்ற தாய்க்கிட்ட சாபமானாலும் வந்தது வந்தபடி. நீரழுத்தத்தில் இடது காதின் சவ்வு கிழிந்து பல காலம் ஆகிவிட்டது. அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வாள். செத்த வீட்டின் இரகசியம் அயல் முற்றம் வரைக்கும் கேட்கும்.

அவளை வில்லி என்று ஒதுக்க முடியாது, பொய் சொல்லாதவள். கொண்டாடவும் முடியாது. ஓர் உண்மையை எப்போது, யார் முன்னால் சொல்லலாம் என்று ஒரு கணமும் யோசிக்காதவள் அவள்.

நாவலில் நகருக்கு வேறு பெயர். ஆனால் எங்கள் ஊரை அறிந்தவர்கள் கோட்டையையும் உள்துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் உடனே அடையாளம் காண்பார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின, கோயிலின் ஒரு பகுதி கடலுக்குள் போனது. 1956இல், அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிக்கடலில் இறங்கிய சுழியோடிகள் செதுக்கிய கற்களைக் கண்டார்கள். இழந்தவை அடியில் கிடக்கும், இறங்கினால் எடுக்கலாம் என்பது எங்கள் ஊர் கண்ணால் கண்ட உண்மை. பேச்சி அங்கிருந்துதான் வந்தாள்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது நாவலின் பிற்பாதியில் வருகிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பக்கத்தைப் புரட்ட வைக்கிறதா? வாசகருக்கு இவளைப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பிடிக்க வைக்க முயன்ற அந்த நிமிடமே முள் மழுங்கிவிடும். அடுத்து இவள் என்ன செய்வாள் என்று அறிய வேண்டும் போலிருந்தால் அதுவே போதும்.

இரண்டாவது, இரகசியம் காக்கிறதா? இப்படிப்பட்ட பாத்திரத்தின் பின்னால் பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். அது எந்தப் பக்கத்தில் தெரியவருகிறது என்பதைப் பொறுத்தே நாவல் நிற்கும், விழும். அறிமுகம் அந்தக் காயத்தை முன்கூட்டியே விற்றுவிடக் கூடாது.

மூன்றாவது அளவுகோல் எங்கள் கரைக்கே உரியது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகள் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கின்றன. போர்க்காலத்தில் காணாமற்போனவர்களின் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று இன்றும் முடிவெடுக்க முடியாமல் இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். கடலில் போனவரின் கடைசிச் சொல் என்று நான் எழுதும்போது, வேறோர் ஊரின் வாசகருக்கு அது கற்பனை. இங்கே ஒருவர் கைத்தொலைபேசியில் அந்த வரியைத் தற்செயலாகக் காணும்போது அது கற்பனையாக மட்டும் நிற்காது. இருளை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதியே ஆகவேண்டும் என்று நினைப்பதால்தான் இந்த நாவலை எழுதினேன். ஆனால் புத்தகத்தை எடுத்து விரிப்பவர் தாமாக உள்ளே வருகிறார். அறிமுகமோ தேடாதவர் கண்ணிலும் படும். ஆகவே அறிமுகத்துக்குப் பொறுப்பு கூடுதல்.

நான்காவது, செலவு. பணச் செலவை எல்லோரும் கணக்கிடுவார்கள். நாவலின் நல்ல காட்சி ஒன்றை முன்னதாகவே தீர்த்துவிடுவது, எழுத்தாளரின் நேரம், வாசகர் மனத்தில் பதிந்த தவறான உருவத்தைப் பிறகு மாற்ற முடியாமற்போவது ஆகியவை மறைசெலவுகள். அவற்றை ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன்.

வழி ஒன்று: நாவலில் இருந்தே ஒரு பகுதி

முதல் அத்தியாயத்தின் ஒரு காட்சியை எடுத்து வெளியிடுவது. என் நாவலில் அது இப்படி:

*பேச்சி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். மூக்கில் கசிந்த இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். கரையில் நின்ற பெண் முழங்கால் வரை தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டாள்.*

*"விளக்கை அணைக்காதே. அவ்வளவுதான் சொன்னான்."*

*"அம்மா என்று சொல்லவில்லையா, அக்கா?"*

*"இல்லை."*

*"நன்றாகக் கேட்டீர்களா? ஒருவேளை மெல்லமாக..."*

*"அங்கே காதால் கேட்பதில்லை. உன் மகன் விளக்கைப் பற்றித்தான் பேசினான். இன்னொரு முறை இறங்கச் சொன்னால் இன்னொரு கூலி."*

இந்தச் சில வரிகளில் பேச்சியின் தொழில், நேர்மை, கொடுமை மூன்றும் வந்துவிடுகின்றன. அவளைப் பற்றி நான் ஓர் அடைமொழியும் சொல்லவில்லை. வாசகர் அந்தத் தாயின் பக்கம் நின்று பேச்சியை வெறுக்கலாம். ஆனால் விளக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அவரை விடாது. இதுதான் இந்த வழியின் பலம். பாத்திரம் வேலை செய்துகொண்டிருக்கும்போது அறிமுகமாகிறது. முள்ளான மனிதரை நாங்கள் வாழ்க்கையிலும் அப்படித்தான் சகித்துக்கொள்கிறோம். கடுகடுப்பான வைத்தியரிடம் வரிசையில் நின்று மருந்து வாங்குவது அவருக்குத் தம் தொழில் தெரியும் என்பதால்தான். கையில் திறமை இருப்பதைக் கண்டபின், குணத்தைப் பற்றிய தீர்ப்பை வாசகர் கொஞ்சம் தள்ளிவைப்பார்.

மறைசெலவு இரண்டு. முதல் அத்தியாயத்துக்குரிய வேலை வேறு, தனித்து நிற்கும் பகுதிக்குரிய வேலை வேறு. நாவலில் மெதுவாக விரியும் உலகத்தை ஒரு பக்கத்தில் விளக்க முடியாது. கடைசிச் சொல் அடியில் கிடக்கும் என்ற விதியைத் தெரியாமல் மேலுள்ள உரையாடலை வாசிப்பவர் குழம்புவார். அதற்காகக் காட்சிக்குள் விளக்கத்தைத் திணித்தால் காட்சி செத்துவிடும். பகுதிக்கு மேலே தனியாக இரண்டு வரி முன்குறிப்பு வைப்பது நல்லது. இரண்டாவது செலவு, நான் மேலே சொன்ன மூன்றாவது அளவுகோல். ஐந்து வழிகளிலும் இதுதான் நேராகப் புண்ணைத் தொடுகிறது. கடலில் பிள்ளையை இழந்தவர் இதை எச்சரிக்கை இல்லாமல் வாசிக்க நேரக் கூடாது. முன்குறிப்பு அதற்கும் வேண்டும். டிசம்பர் மாதத்தில் இதை வெளியிடுவதில்லை என்றும் நான் முடிவு செய்திருக்கிறேன்.

எழுத்து நடையே நாவலின் பெரிய சொத்து என்றால் இந்த வழி உங்களுக்கானது. முதல் முப்பது பக்கத்துக்குள் பாத்திரம் குறிப்பிடும்படி ஒன்றைச் செய்திருக்கவும் வேண்டும். முதல் முப்பது பக்கத்தில் அவள் ஒன்றும் செய்யவில்லை, நினைத்துக்கொண்டே இருக்கிறாள் என்றால், அறிமுகத்தை விடுங்கள், அந்தப் பக்கங்களைத் திருத்துங்கள்.

வழி இரண்டு: பாத்திரக் குறிப்பு

பெயர், வயது, தொழில், பலம், பலவீனம், ஓர் ஓவியம். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் எளிதாகப் பரவும், ஒரு மாலையில் எழுதிவிடலாம். புத்தகம் வருகிறது என்ற செய்தியைச் சொல்ல இது போதும். பாத்திரத்தை அறிமுகப்படுத்தப் போதாது.

"கடுமையானவள், ஆனால் உள்ளே ஈரம் உள்ளவள்" என்று எழுதினால் நாவல் முழுவதும் வாசகர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். ஈரத்தை விட்டுவிட்டுக் கடுமையை மட்டும் எழுதினால் அது வெறும் குற்றப்பத்திரிகை. ஓவியமும் அப்படித்தான். ஐம்பது வயதுச் சுழியோடியை வரையக் கேட்டால், மிகுபுனைவு என்ற சொல்லைக் கேட்டதும் இளம்பெண்ணையும் வாளையும் வரைந்து தரும் பழக்கம் இருக்கிறது. ஒருமுறை அந்த முகம் பரவிவிட்டால், நரைத்த தலையும் ஒரு பக்கம் கேளாத காதுமாக நாவலில் வருபவளை வாசகர் ஏற்க மறுப்பார். இந்தச் செலவைப் பிறகு ஈடுசெய்ய முடியாது.

குறிப்பு எங்கே பயன்படும் என்றால், வெளியே போகாத இடத்தில். அட்டை வரைபவருக்கும், மெய்ப்புப் பார்ப்பவருக்கும், விழாவில் பேச அழைக்கப்பட்டவருக்கும் ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள். காதுச் சவ்வு எந்தப் பக்கம் கிழிந்தது என்பதை மெய்ப்புப் பார்ப்பவர் அறிந்திருப்பது நாவலுக்கு நல்லது.

வழி மூன்று: நாயகியே பேசுவது

இளையவர்கள் அதிகம் விரும்புவது இதுதான். எழுதவும் சுகமாக இருக்கும். நானும் பேச்சிக்காக ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

*"இரக்கப்பட வந்தவர்கள் திரும்பிப் போகலாம். என்னை நல்லவள் என்று சொன்ன கடைசி ஆளின் சொல்லையும் நான்தான் கடலில் இருந்து எடுத்து வந்தேன். கூலியைத் தரையில் வை. கையில் தராதே."*

உரக்க வாசித்தால் கைதட்டல் விழும். ஆனால் இது பேச்சி அல்ல. தன்னைப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று கவலைப்படாத ஒருத்தி, முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி வைத்து, தனக்குக் கவலையில்லை என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? அப்படிச் சொல்பவளுக்குக் கவலை நிறைய இருக்கிறது. தன்னைத்தானே முள் என்று அறிவிக்கும் பாத்திரம் வாசகரின் பார்வைக்காக ஏங்குகிறது. எழுத்தாளர் அறியாமலே அவளை அப்படி ஆக்கிவிடுகிறார்.

எங்கள் கிழக்கின் கூத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அரசன் ஆடுகளமான களரிக்கு வரும்போது தன் பெருமையைத் தானே பாடுகிறான். யாரும் அதைத் தற்பெருமை என்று முகம் சுளிப்பதில்லை. வரவுப் பாட்டு தனியாக வருவதில்லை. மத்தளம் இருக்கிறது, சல்லரி இருக்கிறது, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல் இருக்கிறது, கால்கள் தாளத்துக்கு ஆடுகின்றன. சொல் பெருமை பேசும்போது உடல் உழைக்கிறது. விடியும்வரை ஆடப்போகும் அந்த உழைப்பைக் கண்ணால் காண்பதால் சபை அவன் சொல்லை ஏற்கிறது. தாளில் மத்தளம் இல்லை, ஆட்டமும் இல்லை. சொல் மட்டும் தனித்து நின்று மார்தட்டுகிறது.

ஆகவே இந்த வழி இரண்டு சூழலில் நன்றாக வரும். ஒன்று, நாவலே தன்மைக் கூற்றில், அதாவது பாத்திரமே 'நான்' என்று சொல்லும் விதத்தில், எழுதப்பட்டிருந்தால். அப்போது வாசகர் வாங்கப்போவதே அந்தக் குரலைத்தான், அதை முன்கூட்டிக் காட்டுவது நியாயம். மற்றது, குரல் வடிவில் வெளியிட்டால். தேர்ந்த நாடக நடிகை ஒருவர் வாசித்தால் மத்தளத்தின் வேலையைக் குரல் செய்யும். அப்போதும் பாத்திரம் தன்னைப் பற்றிப் பேசாமல், வேறொருவரிடம் வேறொரு காரியம் பேசுவது போல எழுதுங்கள். கூலி பேரம் பேசுவது, வள்ளக்காரனைத் திட்டுவது, காற்று திரும்புமுன் கரைக்குப் போகச் சொல்வது எதுவானாலும் சரி. அவள் கவனம் வேலையில் இருக்கட்டும், வாசகர் ஒட்டுக்கேட்கட்டும்.

வழி நான்கு: அயலாரின் சாட்சி

கூத்தில் அரசனுக்கு முன்னால் கட்டியகாரன் வருவான். வரப்போகிறவன் யார் என்பதைச் சபைக்கு அவன் சொல்கிறான். அதே முறையை எழுத்தில் கொண்டுவரலாம். நாயகியைக் காட்டாமல், அவளோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களைப் பேசவிடுவது. பேச்சிக்கு மூன்று சாட்சிகளை எழுதினேன்.

கருவாட்டு வாடியில் இருக்கும் கிழவி சொல்கிறாள்: *"காசுப் பேய். என் தங்கச்சியின் தாலிக்கொடியை வாங்கிக்கொண்டுதான் கடலில் இறங்கினாள். ஆனால் ஒன்று, சொன்ன சொல் சரியாக இருந்தது. அந்தப் பெட்டி அந்த மரத்தடியில்தான் இருந்தது."*

கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்கிறார்: *"வலை பாறையில் சிக்கினால் அவளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவாள். வந்து என் பிள்ளைகள் முன்னாலேயே என்னைத் திட்டுவாள். வலையை அறுக்காமல் எடுத்துத் தருவாள்."*

கோட்டை வாசற்காவலன் சொல்கிறான்: *"மாலையில் ஒருநாளும் வாசலைக் கடக்கமாட்டாள். வெளியே நின்று மான்களைப் பார்ப்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கேட்டால் கல்லெடுத்து எறிவாள்."*

இந்த வழியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மூவரும் மூன்று பேச்சிகளைக் காட்டுகிறார்கள், மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தில் வாசகர் உள்ளே நுழைகிறார். காவலன் சொன்னதில் ஒரு புதிர் இருக்கிறது, ஆனால் காயம் வெளிப்படவில்லை. மேலும், சாட்சி சொல்பவர் தம்மையும் காட்டிக்கொடுக்கிறார். கிழவி திட்டுகிறாள், ஆனால் பெட்டி கிடைத்ததை மறைக்கவில்லை. ஓர் ஊரே உருவாகிறது. மிகுபுனைவில் உலகத்தைக் கட்டுவதற்குப் பக்கம் பக்கமாகச் செலவழிக்கிறோம். இங்கே அது செலவில்லாமல் நடக்கிறது. மூன்றாவது அளவுகோலிலும் இது நன்றாகத் தேறுகிறது. இழப்பை நேரே காட்டாமல், இழப்பைக் கடந்து வாழ்கிறவர்களின் வாயால் சொல்கிறது.

மறைசெலவு என்ன? ஒவ்வொரு சாட்சிக்கும் தனிக் குரல் வேண்டும். மூவரும் எழுத்தாளர் போலவே பேசினால் எல்லாம் கெட்டது. கருவாட்டு வாடிக் கிழவியின் பேச்சும் காவலனின் பேச்சும் வாக்கிய நீளத்திலேயே வேறுபட வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும், முதல் வழியைவிட நேரம் அதிகம். இன்னொன்று, சாட்சிகளில் ஒருவராவது "அவள் உண்மையில் நல்லவள்" என்று சொல்லத் துடிப்பார். அந்தச் சாட்சியை நீக்கிவிடுங்கள். கட்டியகாரன் நீட்டிப் பேசினால் வரவின் வேகம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று சாட்சி போதும்.

பாத்திரம் நாவலில் தாமதமாக வருகிறதென்றால், அல்லது ஊர் முழுவதும் வதந்தியாக வாழ்கிற பாத்திரம் என்றால், வேறு வழியை யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

வழி ஐந்து: முன்கதையாக ஒரு சிறுகதை

நாவல் தொடங்குவதற்கு முன் நடந்த சம்பவம் ஒன்றைத் தனிச் சிறுகதையாக எழுதிச் சஞ்சிகைக்கோ இணையத்துக்கோ கொடுப்பது. நன்றாக அமைந்தால் இதைவிட மதிப்பான அறிமுகம் இல்லை. கதை முழுமையானது, வாசகர் விளம்பரம் வாசித்ததாக நினைக்கமாட்டார். ஆனால் மறைசெலவு இதற்குத்தான் அதிகம். சஞ்சிகைக்கு அனுப்பினால் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நாவலைத் திருத்த வேண்டிய நேரம் இதற்குப் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, முன்கதை என்றதும் கை தானாகவே காயத்தை எழுதப் போய்விடும். இவள் இப்படி ஆனதற்குக் காரணம் இது என்று.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் பழைய எதிர்நாயகனை நினைத்துப் பாருங்கள். சுவாமி மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. பாறை பிளந்து, கீழே கடல் தெரியும் இடம். தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்க முயன்று, சினத்தில் வாளை வீசியவனின் தடம் என்று ஊர் சொல்கிறது. நகரிலிருந்து அநுராதபுரம் போகும் வீதிப் பக்கம் சில கிலோமீற்றர் போனால் கன்னியா. சதுரமான, ஆழமில்லாத ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாய் இறந்த செய்தி கேட்ட அதே இராவணன் அவளுக்கு இறுதிக் கடன் செய்ய எழுந்தவை அவை என்பது ஐதிகம். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காக மக்கள் அங்கே போகும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு.

வெளியூரிலிருந்து வந்த விருந்தினரை எங்கே முதலில் கூட்டிப்போகிறோம் என்பதைப் பொறுத்து அவர் காணும் இராவணன் மாறுகிறான். கன்னியாவுக்கு முதலில் போனவர், தாயை இழந்த மகனின் கதையைக் கேட்டபின் மலைக்கு வருகிறார். வெட்டைப் பார்க்கும்போதே அவனை மன்னித்துவிட்டிருக்கிறார். பாறையின் பயங்கரம் அவருக்குத் தெரிவதில்லை, துயரத்தின் சான்றாக மட்டும் தெரிகிறது. மலைக்கு முதலில் போனவருக்கோ தலை சுற்றுகிறது. இப்படி ஒரு பாறையை வெட்டியவன் யார், எவ்வளவு அகங்காரம் என்று நினைக்கிறார். அந்த நினைப்போடு கன்னியாவுக்குப் போய் வெந்நீரில் கைவைக்கும்போது அவர் ஒரு கணம் பேசாமல் நிற்பார். வெட்டு முதலில், ஊற்று பிறகு. முள்ளான பாத்திரத்தை அறிமுகப்படுத்தும் எல்லா வழிகளுக்கும் நான் வைத்திருக்கும் ஒரே விதி இந்த வரிசைதான்.

காயத்தை முதலில் காட்டினால் வாசகரின் இரக்கம் உடனே கிடைக்கும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, பாத்திரம் பிறகு செய்யும் எந்தக் கொடுமையும் வாசகரைத் தைக்காது. "பாவம், அவளுக்கு அப்படி நடந்தது" என்ற வாக்கியம் நாவல் முழுவதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே வரும். முதல் வழியில் அந்தத் தாயிடம் பேச்சி இன்னொரு கூலி கேட்டது வாசகரைத் தைக்க வேண்டும். தைத்தால்தான் பிற்பாதியில் தெரியவரும் காரணத்துக்கு வலு இருக்கும்.

முன்கதை எழுதியே தீர வேண்டும் என்றால், காயத்துக்குப் பிறகு நடந்த சிறிய சம்பவம் ஒன்றை எடுங்கள். பேச்சி சம்மாட்டியின் வலையை மீட்ட நாள் போல. தொடர் நாவல் எழுதுபவருக்கு இந்த உழைப்பு வீண்போகாது. அடுத்த நூல் வரும்வரை வாசகரைப் பிடித்துவைக்கும். ஒற்றை நாவல் எழுதுபவர் இதில் இறங்குவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

ஒரே பார்வையில்

| வழி | வாசிக்கத் தூண்டுவது | இரகசியம் | எங்கள் வாசகரின் துயரம் | மறைசெலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| நாவலின் பகுதி | மிக அதிகம் | காக்கும் | நேராகத் தொடும், முன்குறிப்பு தேவை | விளக்கம் திணிக்கும் ஆபத்து | நடை வலுவானவர், தொடக்கத்திலேயே செயல் உள்ள நாவல் |
| பாத்திரக் குறிப்பு | குறைவு | எளிதில் உடையும் | தொடாது | தவறான உருவம் நிலைத்துவிடும் | வேலையில் பங்குகொள்பவர்களுக்கு மட்டும் |
| நாயகியின் பேச்சு | அதிகம், விரைவில் ஆறும் | ஓரளவு | எழுதும் விதத்தைப் பொறுத்தது | பாத்திரம் மார்தட்டத் தொடங்கும் | தன்மைக் கூற்று நாவல், குரல் பதிவு |
| அயலார் சாட்சி | அதிகம் | நன்றாகக் காக்கும் | மென்மையாகத் தொடும் | தனித்தனிக் குரல்களுக்கான உழைப்பு | தாமதமாக வரும் பாத்திரம், ஊரே அறிந்த பாத்திரம் |
| முன்கதை | மிக அதிகம் | பெரும்பாலும் உடையும் | சம்பவத்தைப் பொறுத்தது | நேரம், காயம் வெளிப்படுதல் | தொடர் நாவல் |

நான் எடுத்த முடிவு

பேச்சிக்கு நான்காவது வழியை முதலிலும், ஒன்றாவது வழியைப் பிறகும் எடுத்திருக்கிறேன். மூன்று சாட்சிகளைத் தனித்தனியாக, இடைவெளி விட்டு வெளியிடுவேன். வதந்தி பரவுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். பிறகு விளக்கைப் பற்றிய காட்சியை, மேலே ஒரு முன்குறிப்போடு. முன்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கும்: இந்தப் பகுதியில் கடலில் இறந்த ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு வருகிறது. அந்த உலகத்தின் விதி ஒரு வாக்கியத்தில். வேறொன்றும் இல்லை. ஓவியம் வெளியிடப்போவதில்லை, அட்டையில் முகமும் இருக்காது.

உங்கள் நாயகன் வேறு வகையானவனாக இருக்கலாம். காட்டில் தனியாக அலைபவன், அயலாரே இல்லாதவன் என்றால் சாட்சிக்கு ஆள் எங்கே? அப்போது நாவலின் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்னாளில் கொடுமை செய்து இன்று வருந்துபவன் என்றால், வருந்தும் நாளைக் காட்டாமல் கொடுமை செய்த நாளுக்கு அருகில் நின்று தொடங்குங்கள். சிரிக்க வைக்கும் முள் என்றால், அதாவது கடுஞ்சொல்லில் நகைச்சுவை கலந்த பாத்திரம் என்றால், மூன்றாவது வழி எனக்குச் சரிவராதபோதும் உங்களுக்குச் சரிவரலாம். சிரிப்பு மார்தட்டலை மன்னிக்க வைக்கும்.

வெளியீட்டு விழா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிமுகத்தில் எத்தனை கவனம் எடுத்தாலும் விழாவில் அது ஒரே மாலையில் கலைந்துபோகலாம். எங்கள் விழாக்களில் வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று வரிசை உண்டு. முதற்பிரதி வாங்குபவர் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்பே, நயவுரை செய்பவர் அன்பின் மிகுதியால் கதையை இறுதிவரை சொல்லி முடித்துவிடுவார். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். நூலை ஆழ்ந்து வாசித்தவர்தான் அப்படிச் சொல்வார். அச்சுச் செலவை நூலாசிரியரே சுமக்கும் சூழலில், மண்டபத்தில் இருப்பவர்கள்தான் உங்கள் முதல் வாசகர்கள். பாதிக்கு அப்பால் உள்ள பக்கங்களை அவர்களுக்காகக் காப்பாற்றிவைக்க வேண்டியது எழுத்தாளரின் கடமை. எனவே நயவுரைக்கு அழைக்கும்போதே, பாத்திரக் குறிப்போடு ஒரு வேண்டுகோளையும் எழுதிக் கொடுங்கள்: "ஐயா, பேச்சி கோட்டை வாசலைக் கடக்கும் அத்தியாயம் வரை தாராளமாகப் பேசுங்கள். அதற்குப் பிறகு உள்ளதை வாசகரிடம் விட்டுவிடுங்கள்." எந்த அத்தியாயத்தோடு நிறுத்த வேண்டும் என்பதைப் பக்க எண்ணோடு குறிப்பது நல்லது.